மீதி 156 மணி நேரம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

"கடும் நோயோடு வாழ்ந்து மறைந்த தாயை நினைக்கும்போது நெஞ்சில் முதலில் நிற்க வேண்டியது அவள் செய்த தியாகமா, அவள் காத்த ஒழுங்கா?" இதுதான் இன்றைய தலைப்பு. தியாகமே என்று பேசிய எதிரணித் தலைவர் மூன்று விஷயங்களை எடுத்து வைத்தார். வலியைக் காட்டிக்கொள்ளாமல் அடுப்படியில் நின்றாளே, அதுதான் தாய் என்றார். தன் தட்டில் இருந்த முட்டையை எடுத்துப் பிள்ளை தட்டில் வைத்தாளே, அதுதான் தாய் என்றார். ஒழுங்கெல்லாம் நர்ஸ் பார்க்கிற வேலை, தாயின் வேலை மடியில் சாய்த்துக்கொள்வது என்று முடித்தார். அரங்கமே கை தட்டியது. அந்தக் கைதட்டலுக்குப் பின்னால் இருக்கிற உண்மையான பாசத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் ஒழுங்கே என்று பேச வந்திருக்கிறேன். அவர் சொன்ன மூன்றுக்கும் பதில் சொல்லாமல் உட்கார மாட்டேன்.

எல்லா நோயையும் ஒன்றாக இழுத்துப் பேசினால் பேச்சு பொத்தாம்பொதுவாகப் போய்விடும். ஒரே ஒரு நோயை எடுத்துக்கொள்கிறேன். இரண்டு கிட்னியும் செயலிழந்து, மெஷினால் இரத்தத்தைச் சுத்தம் செய்கிற டயாலிசிஸில் வாழ்கிற தாய். தமிழ்நாட்டில் எந்த ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாலும், விடியற்காலை முதல் ஷிப்டுக்கு டிபன் டப்பாவும் போர்வையும் எடுத்துக்கொண்டு வந்து நிற்கிற அம்மாக்களைப் பார்க்கலாம்.

நடுவர் அவர்களே, ஒரு சின்னக் கணக்கு. டயாலிசிஸ் வாரத்துக்கு மூன்று தடவை, தடவைக்கு 4 மணி நேரம். ஆக 12 மணி நேரம். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். நல்ல கிட்னி அந்த 168 மணி நேரமும் ஓயாமல் வேலை பார்க்கும். மெஷின் பார்ப்பது 12 மணி நேரம்தான். வாரத்துக்கு இரண்டு தடவை மட்டுமே போக முடிகிறவர்களும் நம் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு 8 மணி நேரம்தான். மீதி 156 மணி நேரம் அந்தத் தாயின் உடம்பைக் காப்பது யார்? டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை, மெஷின் இல்லை. அவளேதான். எதிரணித் தலைவர் நர்ஸ் வேலை என்று சொன்னாரே, அந்த நர்ஸ் வீட்டுக்கு வருவதில்லை. அந்த 156 மணி நேரத்தை அவள் எப்படிக் காத்தாள் என்பதைத்தான் நான் ஒழுங்கு என்கிறேன்.

முதலில் தண்ணீர்.

சிறுநீர் வருவது நின்றுபோன உடம்பில், குடித்த தண்ணீர் எல்லாம் உள்ளேயே தங்கும். ஒரு நாளைக்குக் குடிக்கக்கூடிய அளவுக்குப் பொதுவான கணக்கு, முந்தின நாள் போன சிறுநீரின் அளவோடு 500 மில்லி. சிறுநீரே வராதவளுக்கு மொத்தமே அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர்தான், சித்திரை வெயிலிலும் அவ்வளவுதான். குடிதண்ணீர் மட்டும் அதில் சேரும் என்று நினைத்தால் தப்பு. காபி, மோர், ரசம், கஞ்சி, சாதத்தில் ஊற்றிய குழம்பு, நாக்கில் வைத்த ஐஸ்கட்டி, மாத்திரை போட ஊற்றிய தண்ணீர் எல்லாம் அந்த முக்கால் லிட்டருக்குள் அடங்க வேண்டும். விவரம் தெரிந்த தாய் என்ன செய்வாள்? காலையில் ஒரு பாட்டிலில் அன்றைய அளவை ஊற்றி வைப்பாள். ஒரு டம்ளர் காபி குடித்தால், பாட்டிலில் இருந்து ஒரு டம்ளர் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடுவாள். பாட்டிலில் மிச்சம் என்னவோ அதுதான் அன்றைக்கு அவளுக்கு மிச்சம். மாத்திரையைத் தண்ணீரில் விழுங்காமல் சாப்பாட்டுக் கவளத்தோடு விழுங்குவாள். தொண்டை வறண்டால் கொப்பளித்துத் துப்புவாள், இல்லையென்றால் எலுமிச்சைத் துண்டை நாக்கில் தடவிக்கொள்வாள்.

இதை மீறினால் என்ன ஆகும்? உடம்பில் மிகுதி நீர் இல்லாத எடை 55 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஆஸ்பத்திரியில் இதை ட்ரை வெயிட் என்பார்கள். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே அவளுக்கு ஏறக்கூடிய எடை சுமார் 2 கிலோ, மிஞ்சிப் போனால் இரண்டேகால். மெஷின் நினைத்த வேகத்தில் எல்லாம் நீரை இழுக்க முடியாது. கிலோவுக்கு மணிக்கு 13 மில்லிக்கு மேல் இழுத்தால் இதயத்துக்கு ஆகாது. 55 கிலோவுக்கு 4 மணி நேரத்தில் 2,860 மில்லி. அதுதான் எல்லை. 4 கிலோ ஏறி வந்து படுத்தால் இரண்டில் ஒன்று நடக்கும். நீரை மிச்சம் வைத்து அனுப்புவார்கள், அன்றிரவே படுக்க முடியாமல் மூச்சு முட்டும். அல்லது வேகமாக இழுப்பார்கள், பிரஷர் விழும், கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டு கத்துவாள், இதயத் தசை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக நலிந்துகொண்டே போகும்.

தண்ணீரைக் கட்டுப்படுத்த வழி உப்பில் இருக்கிறது என்பது பல வீடுகளில் தெரியாது. உப்பு உள்ளே போனால் தாகம் வரும், தாகம் வந்தால் எந்த மனஉறுதியும் நிற்காது. ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராம் உப்பு, தலை தட்டிய ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய், வடகம் இவற்றை அவள் ஒதுக்கியது இதற்காகத்தான். குடும்பத்துக்கு வைக்கிற பொரியலில் உப்புப் போடுவதற்கு முன்பே தன் பங்கைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து வைக்கிறாளே, அந்தக் கிண்ணத்தை நம்மில் எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? உப்புக்குப் பதில் என்று கடையில் விற்கிற சோடியம் குறைந்த உப்பை வாங்கிக் கொடுத்துவிட்டு நல்லது செய்ததாக நினைக்கிற பிள்ளைகளும் உண்டு. அதில் பலவற்றில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். கிட்னி இல்லாத உடம்புக்கு அது சாதாரண உப்பைவிடப் பெரிய ஆபத்து.

அந்தப் பொட்டாசியத்துக்கு வருகிறேன், ஏனென்றால் தியாகமும் பாசமும் அதிகம் தவறு செய்கிற இடம் இதுதான்.

இரத்தத்தில் பொட்டாசியம் 3.5-இல் இருந்து 5 வரை இருக்கலாம். ஆறரையைத் தாண்டினால் இதயம் எந்த நேரமும் தாளம் தப்பலாம். கால் துவளுவது போன்ற அறிகுறி சிலருக்கு வரும். பலருக்கு ஒன்றுமே வராது, இதயம்தான் நிற்கும். இப்போது, உடம்பு சரியில்லாதவளைப் பார்க்க வருகிற உறவினர் கையில் என்ன கொண்டு வருகிறார்? இளநீர், வாழைப்பழம், ஆரஞ்சு. "கிட்னிக்கு நல்லது" என்று வாழைத்தண்டுச் சாறு. கல்லடைப்புக்குச் சொல்கிற வைத்தியத்தைச் செயலிழந்த கிட்னிக்குக் கொண்டு வந்து கொடுப்பார்கள். ஓர் இளநீரிலேயே சுமார் 500 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கும், இந்த நோயாளிக்கு நாள் முழுவதற்குமே இரண்டாயிரத்தைச் சுற்றித்தான் கணக்கு. சத்தானது என்று கேழ்வரகுக் கூழ் கொடுப்பார்கள், அவளுக்கு வெள்ளை அரிசிச் சோறுதான் பொட்டாசியமும், அதைப் போலவே உடம்பில் தங்கிவிடும் பாஸ்பரஸும் குறைந்தது. நட்சத்திரப் பழத்தைத் தொடவே கூடாது, அதில் உள்ள நஞ்சு மூளையைத் தாக்கி விக்கல், குழப்பம், வலிப்பு வரை கொண்டு போகும்.

அன்போடு கொண்டு வந்தவர் மனம் கோணாமல் அந்த இளநீரை மறுக்கிறாளே ஒரு தாய், அது சுலபமான காரியமா நடுவர் அவர்களே? "ஒருநாள் குடிச்சா ஒண்ணும் ஆகாது" என்று சொல்கிற வாய்கள் எத்தனை! அதிலும் வாரத்தில் ஒரு நீண்ட இடைவெளி வரும். செவ்வாய், வியாழன், சனி போகிறவளுக்குச் சனி முடிந்தால் அடுத்தது செவ்வாய்தான். டயாலிசிஸ் நோயாளிகளின் சாவு அதிகம் நடப்பது அந்த இடைவெளியின் கடைசியில்தான். விருந்து, விசேஷம், கறிச்சோறு எல்லாம் வருவதும் அந்த ஞாயிற்றுக்கிழமையில்தான். அந்த ஒரு நாளை அவள் காத்ததால்தான் பிள்ளைகளுக்குத் திங்கட்கிழமை காலையில் அம்மா இருந்தாள்.

காய்கறியை அவள் சமைத்த முறையையும் சொல்கிறேன், இதைக் குறித்துக்கொண்டால் யாருக்காவது உதவும். உருளையோ கேரட்டோ, தோல் சீவிச் சின்னத் துண்டாக நறுக்க வேண்டும். துண்டு பெரிதாக இருந்தால் உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே வராது. காயைப் போலப் பத்து மடங்கு தண்ணீரில் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் மறுபடி வேகவைத்து, அதையும் வடிக்க வேண்டும். வெறும் ஊறல் மட்டும் போதாது. குக்கரில் கொஞ்சம் தண்ணீர் வைத்து வேகவிட்டு அந்தச் சாற்றோடு சாம்பார் வைத்தால் வெளியே வந்த பொட்டாசியம் எல்லாம் சாம்பாரில்தான் இருக்கும். கீரை வேகவைத்த தண்ணீரில் சூப் வைத்துக் கொடுப்பதும் அப்படித்தான். சுவை போன அந்தக் காயைத் தனக்கு வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு அதே காயை மசாலா போட்டு வறுத்துக் கொடுத்தாள். இரண்டு சமையல், ஒரே அடுப்பு, அதுவும் டயாலிசிஸ் முடிந்த மறுநாள் களைப்போடு.

அடுத்தது, எதிரணித் தலைவர் சொன்ன முட்டை. இதற்காகத்தான் காத்திருந்தேன்.

கிட்னி பழுதாகத் தொடங்கும்போது புரதத்தைக் குறைக்கச் சொல்வார்கள். டயாலிசிஸ் தொடங்கியதும் அது தலைகீழாக மாறும். ஒவ்வொரு தடவையும் 6 முதல் 12 கிராம் வரை, புரதத்தின் துணுக்கான அமினோ அமிலம் மெஷின் வழியாக வெளியே போய்விடுகிறது. கிலோவுக்கு 1.2 கிராம் வரை புரதம் தேவை, 55 கிலோ தாய்க்கு 66 கிராம். ஒரு முட்டையின் வெள்ளைக்கருவில் மூன்றரை கிராம், 100 கிராம் மீனில் 20 கிராம் என்று கூட்டிப் பார்த்தால், அவள் சாப்பிடுகிற ரசஞ்சோறு எங்கே நிற்கிறது என்று தெரியும். புரதம் குறைந்தால் இரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் இறங்கும், கை கால் சூம்பும், ஒரு சின்னச் சளிக்காய்ச்சலைக்கூட உடம்பு தாங்காது. ஆல்புமின் குறைந்தவர்கள் சீக்கிரம் இறக்கிறார்கள் என்பது டயாலிசிஸ் மருத்துவத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்ட உண்மை. ஆகவே அந்த முட்டையைப் பிள்ளை தட்டில் வைத்தது தியாகம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஒரு முட்டை கிடைத்தது, அம்மாவின் நாட்கள் குறைந்தன. முட்டையை இரண்டாகப் பிரித்து, பாஸ்பரஸ் நிறைந்த மஞ்சள்கருவைப் பிள்ளைக்கும் வெள்ளைக்கருவைத் தனக்கும் வைத்துக்கொண்ட தாயும் இருக்கிறாள். கணக்குத் தெரிந்து செய்தவள் அவள். பிள்ளைக்கு முட்டையும் கிடைத்தது, அம்மாவும் கிடைத்தாள். இவர்களில் யாரைப் போற்றுவது என்றால் நான் இரண்டாமவளைத்தான் சொல்வேன்.

இனி, டயாலிசிஸ் ஊசி போடுகிற அந்தக் கை.

மெஷினுக்கு இரத்தம் எடுக்க, மணிக்கட்டிலோ முழங்கையிலோ ஒரு தமனியையும் ஒரு சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா வைப்பார்கள். 1966-இல் நியூயார்க்கில் இருந்து வெளியான முறை அது. இன்றுவரை அதைவிடப் பாதுகாப்பான வழி வரவில்லை. வலக்கைக்காரிக்கு இடக்கையில் வைப்பார்கள். ஊசி போடும் அளவுக்கு அது தடித்து வர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும், சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகும். அதுவரை பந்தை அமுக்கி அமுக்கிப் பயிற்சி செய்ய வேண்டும். அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, இரத்தம் எடுக்கக் கூடாது, டிரிப்ஸ் ஏற்றக் கூடாது. இறுக்கமான வளையல், கைக்கடிகாரம், ரவிக்கைக் கை ஆகாது. அந்தக் கையைத் தலைக்கு அணையாக வைத்துப் படுக்கக் கூடாது. இடுப்பில் குடத்தை வைத்து அந்தக் கையால் அணைத்துத் தூக்கக் கூடாது.

நம் ஊர்ப் பெண்கள் குழந்தையை எந்தப் பக்கம் இடுப்பில் வைப்பார்கள்? பெரும்பாலும் இடப்பக்கம். அந்தத் தாய் பழக்கத்தை மாற்றிக்கொண்டு வலப்பக்கம் தூக்கினாள். தூங்குகிற பிள்ளையின் தலையை இடக்கையில் இருந்து மெதுவாக எடுத்து வலக்கையில் வைத்தாள். தாயின் வேலை மடியில் சாய்த்துக்கொள்வது என்றாரே எதிரணித் தலைவர், அந்த மடிக்குக்கூட அந்த வீட்டில் ஒழுங்கு தேவைப்பட்டது.

தினமும் காலையில் எழுந்ததும் இரண்டு விரலை அந்த இடத்தில் வைத்துப் பார்ப்பாள். உள்ளே குறுகுறுவென்று ஓட வேண்டும், காதில் வைத்தால் உஸ் உஸ் என்று கேட்க வேண்டும். ஓட்டம் இல்லையென்றால் இரத்தம் உறைந்துவிட்டது என்று அர்த்தம். அப்போதே கிளம்பினால் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. "நாளைக்கு எப்படியும் டயாலிசிஸ் இருக்கே, அப்பச் சொல்லிக்கலாம்" என்று விட்டால் ஃபிஸ்டுலா போய்விடும், மறுபடி கழுத்தில் குழாய், மறுபடி கிருமித் தொற்று பயம், தலைக்குக் குளிக்க முடியாத மாதங்கள். கழுத்தில் குழாய் இருக்கும்போது நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் அது வெறும் காய்ச்சல் இல்லை, அன்றிரவே ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். ஃபிஸ்டுலாவில் இருந்து வீட்டில் திடீரென்று இரத்தம் பீய்ச்சினால் துண்டை மேலே மேலே சுற்றக் கூடாது. பீய்ச்சும் புள்ளியிலேயே விரலால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்திக்கொண்டு, 108-ஐக் கூப்பிட வேண்டும். துண்டு இரத்தத்தை உறிஞ்சும், அடைக்காது.

இப்போது எதிரணியின் முதல் வாதம், வலியைக் காட்டிக்கொள்ளாத தாய். நடுவர் அவர்களே, இந்த நோயில் காட்டிக்கொள்ளாமல் இருப்பதைப் போல ஆபத்து வேறில்லை. இரவில் தலையணையை இரண்டு மூன்று வைத்து உட்கார்ந்தே தூங்குகிறாள், கேட்டால் "பழகிப்போச்சு" என்கிறாள். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்று அதற்குப் பொருள். முழங்கால் வலிக்கு யாருக்கும் சொல்லாமல் மருந்துக் கடையில் டைக்ளோபினாக் வாங்கிப் போட்டுக்கொள்கிறாள். மிச்சம் இருக்கிற கொஞ்ச நஞ்ச சிறுநீரும் அதில் நின்றுபோகும். மகள் கல்யாணத்துக்காக ஒரு டயாலிசிஸை விட்டுவிடுகிறாள், அதை ஊரே தியாகம் என்று மெச்சுகிறது.

அதே கல்யாணத்தை ஒழுங்கோடு நடத்திய தாயைப் பாருங்கள். இரண்டு வாரம் முன்பே யூனிட்டில் சொல்லி நாளை மாற்றிக்கொள்வாள். வெளியூர் என்றால் அங்கே உள்ள ஒரு சென்டரில் இடம் கேட்டு, மஞ்சள் காமாலை பி, சி, எச்.ஐ.வி. பரிசோதனை முடிவுகள், கடைசி மூன்று டயாலிசிஸின் குறிப்பு, ட்ரை வெயிட், இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பாரின் மருந்தின் அளவு எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போவாள். வயிற்று வழியே டயாலிசிஸ் செய்கிறவள் என்றால் மண்டபத்திலேயே ஓர் அறை கேட்பாள். கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, முகக்கவசம் கட்டி, கையைச் சோப்பால் நன்றாகக் கழுவி, வயிற்றுக்குள் விடும் 2 லிட்டர் திரவப் பையை மாற்ற அரை மணி நேரம். ஃபேன் ஓடினால் தூசி விழும், தூசி விழுந்தால் வயிற்றுக்குள் தொற்று. வெளியே வந்த நீர் கலங்கலாக இருந்தால் பையைத் தூக்கி எறியாமல் கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போக வேண்டும், அதை வைத்துத்தான் எந்தக் கிருமி என்று பார்ப்பார்கள். 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்தப் பைகளை வீட்டுக்கே கொண்டு வந்து கொடுக்க வழி செய்தார்கள். பை வீடு வரை வரும், ஃபேனை நிறுத்துவது அவள்தான்.

சரி, ஒழுங்கு என்றால் மனம் இறுகிய ஒன்று, பாசம் இல்லாத ஒன்று என்று நினைக்கிறவர்களுக்காக வேறு ஒரு தேசத்துத் தாயை இங்கே அழைக்கிறேன். போலந்து நாட்டு வார்சாவில், பெண்கள் பள்ளி ஒன்றின் தலைமை ஆசிரியையாக இருந்த பிரோனிஸ்வாவா ஸ்க்வோடோவ்ஸ்கா. அவருக்கு ஐந்து பிள்ளைகள், கடைக்குட்டிதான் பின்னாளில் இரண்டு நோபல் பரிசு பெற்ற மேரி கியூரி. தாய்க்குக் காசநோய். வீட்டில் தனக்கென்று தனித் தட்டு, தனிப் பாத்திரம் வைத்துக்கொண்டார். பிள்ளைகளை முத்தமிடுவதை நிறுத்திக்கொண்டார். பிள்ளைகளுக்குச் செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு தன் கையாலேயே தைத்துப் போட்டார். 1878-இல் அவர் இறந்தபோது மேரிக்கு வயது பத்து. காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் பெர்லினில் அறிவித்தது 1882 மார்ச் 24. அதாவது கிருமி என்ன என்று மருத்துவமே கண்டறிவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, தன் பிள்ளைக்கு ஒட்டிவிடக் கூடாது என்று ஒரு தாய் தன் உதட்டுக்குக் கட்டுப்பாடு போட்டாள். முத்தமிட்டிருந்தால் எதிரணி அதைப் பாசம் என்று சொல்லியிருக்கும். முத்தமிடாத அந்தத் தாயைப் பாசமில்லாதவள் என்று சொல்ல இந்த அரங்கில் யாருக்காவது நா எழுமா?

தியாகம் என்று நாம் கொண்டாடுவதில் ஒரு கொடுமையும் ஒளிந்திருக்கிறது, அதைச் சொல்லாமல் போக முடியாது. நாள்பட்ட கிட்னி நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். ஆனால் டயாலிசிஸ் கட்டிலில் படுத்திருப்பவர்களில் ஆண்களே அதிகம். இந்தியாவில் உயிரோடு கிட்னி கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அதிலும் தாய்மாரும் மனைவிமாரும். பெற்றுக்கொள்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். 2018-இல் உலகக் கிட்னி தினமும் மகளிர் தினமும் ஒரே நாளில், மார்ச் 8-இல் வந்தபோது, பெண்களின் கிட்னி நலம் என்பதையே அந்த ஆண்டின் கருப்பொருளாக வைத்தார்கள். கட்டிலுக்கு வராத அந்தப் பெண்களில் பலர் எங்கே? "எனக்கு ஒண்ணும் இல்ல, நீங்க சாப்பிடுங்க" என்று வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள். நாம் மேடை போட்டுத் தியாகத்தைப் புகழப் புகழ, காலில் வீக்கம் கண்ட இன்னொரு தாய் அதைப் புடவைக் கொசுவத்துக்குள் மறைத்துக்கொள்கிறாள். நாம் போற்றுவதைத்தான் அவள் செய்வாள். ஆகையால் எதைப் போற்றுகிறோம் என்பதில் உயிர் இருக்கிறது.

நினைவு என்பதற்கு வருகிறேன், தலைப்பே அதுதானே. திதி கொடுக்கிறோம், படத்துக்கு மாலை போடுகிறோம், அவளுக்குப் பிடித்ததைப் படைக்கிறோம். எல்லாம் செய்யட்டும், மனதுக்கு அது வேண்டும். ஆனால் டயாலிசிஸில் இருந்த தாய் பெரும்பாலும் ஒரு நோட்டை விட்டுப் போயிருப்பாள். தேதி, போகும் முன் எடை, வந்த பின் எடை, பிரஷர், ஹீமோகுளோபின், ஊசி போட்ட நாள். அந்த நோட்டைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். அவள் நோய் என்ன காரணத்தால் வந்தது என்று அவள் ஃபைலில் தேடுங்கள். சர்க்கரையா, பிரஷரா, பரம்பரையாக வரும் நீர்க்கட்டி நோயா? நீர்க்கட்டி நோய் என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர வாய்ப்பு சரிபாதி. ஒரு ஸ்கேன் போதும், பெரும்பாலும் தெரிந்துவிடும். சர்க்கரையோ பிரஷரோ என்றால் பிள்ளைகள் வருடம் ஒருமுறை பார்க்க வேண்டியது நான்கே நான்கு: இரத்த அழுத்தம், சர்க்கரை, இரத்தத்தில் கிரியேட்டினின் என்கிற கழிவு, சிறுநீரில் ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதம். அந்த விகிதம் 30-க்குக் கீழே இருக்க வேண்டும். சிறுநீரில் நுரை நிற்பது, மாலையில் கால் வீங்குவது எல்லாம் தாமதமாக வருகிற அறிகுறிகள், அவற்றுக்காகக் காத்திருக்கக் கூடாது.

கிரியேட்டினினில் ஒரு எச்சரிக்கை. பல லேப் தாள்களில் 1.2 வரை நார்மல் என்று அச்சிட்டிருக்கும். ஐம்பது வயது ஆணுக்கு 1.2 இருந்தால் கிட்னியின் வடிகட்டும் திறன் சுமார் 74. அதே ஐம்பது வயதுப் பெண்ணுக்கு அதே 1.2 என்றால் சுமார் 55. அறுபதுக்குக் கீழே மூன்று மாதம் நீடித்தால் அது நாள்பட்ட கிட்னி நோய். தசை குறைந்த உடம்பில் கிரியேட்டினின் குறைவாகத்தான் ஊறும், அதனால் பெண்ணின் நோய் அந்தத் தாளில் நார்மல் என்ற எழுத்துக்குள் மறைந்துவிடுகிறது. மகள்கள் லேப் தாளில் எண்ணை மட்டும் பார்க்காமல், ஈ.ஜி.எஃப்.ஆர். என்கிற அந்த வடிகட்டும் திறன் எவ்வளவு என்று கேட்டு வாங்க வேண்டும். கர்ப்பகாலத்தில் பிரஷர் ஏறி அவதிப்பட்டவர்கள் இன்னும் கவனமாகக் கேட்க வேண்டும். அம்மாவின் திதி வருடா வருடம் வருகிறது. அந்த வாரத்திலேயே இந்தப் பரிசோதனையையும் வைத்துக்கொண்டால் நாள் மறக்காது.

மணி அடித்துவிட்டீர்கள், உட்காருகிறேன். எனக்கு அடுத்துப் பேச வருகிற எதிரணி நண்பர் தியாகத்தைப் பற்றி இன்னும் உருக்கமாகப் பேசுவார், பேசட்டும். அவரிடம் ஒன்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறேன். நோயோடு வாழ்ந்த தாயின் பெயரைச் சொல்லி மேடையில் கண் கலங்குகிற பிள்ளைகளில், அவளுடைய ட்ரை வெயிட் எவ்வளவு, ஒரு நாளைக்கு எத்தனை மில்லி தண்ணீர், எந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது என்று கேட்டால் பதில் சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர்? அந்த மூன்றையும் அவள் எத்தனையோ வருடம் ஒருத்தியாக நினைவில் வைத்திருந்தாள். அவளை நினைப்பவர்கள் அதையும் தெரிந்துகொள்ள வேண்டாமா என்பதற்குப் பதில் சொல்லிவிட்டு அவர் தொடங்கட்டும்.

நன்றி, வணக்கம்.